இரண்டாம் பருவம்: ஆறு, ஏழு, எட்டில் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன பாடம் ஓடுகிறது?

மண்டபம்_அம்மா

காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் பருவப் புத்தகம் வந்துவிட்டது. என் மூத்தவள் ஏழாவது, சின்னவன் ஆறாவது. இரண்டு பேரும் அரசு நடுநிலைப் பள்ளிதான். புத்தகத்துக்கு அட்டை போடும்போது அப்படியே புரட்டிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு அறிவியலில் வெப்பம், மின்னியல், காற்று, செல். கணக்கில் இலாபம், நட்டம். ஏழாவதில் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததும் முதல் இயலே கலங்கரை விளக்கம், கப்பல் என்று நம் ஊர்ச் சங்கதியாக இருக்கிறது.

கேட்க வந்தது வேறு. சின்னவன் வந்து, "அம்மா, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்களே, அது எந்தப் பாடத்தில் வருது?" என்றான். தேடினேன், இந்தப் பருவத்தில் இல்லை. பேரிடர் பாடம் மூன்றாம் பருவ சமூக அறிவியலில் இருக்கிறதாம். அதாவது ஜனவரிக்கு மேல். நமக்குப் புயல் வருவது அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். மழையும் காற்றும் ஓய்ந்த பிறகு பேரிடரைப் பற்றிப் படித்து என்ன செய்ய?

உங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடத்துகிறார்கள், எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று சொல்லுங்களேன். ஆசிரியர்கள் யாராவது இருந்தால் அவர்களும்.

சாயல்குடி_தம்பி

எட்டாவதுக்குப் பருவம் கிடையாது அக்கா. வருஷம் முழுக்க ஒரே புத்தகம். அதில் இடர்கள் என்று தனிப் பாடமே இருக்கிறது, வானிலையும் காலநிலையும் இருக்கிறது. ஆறு, ஏழுக்குத்தான் மூன்று பருவம்.

வாலிநோக்கம்_டீச்சர்

நான் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். எந்த ஊர்ப் பள்ளி என்பது வேண்டாம், கடலோரம் என்பது போதும்.

நீங்கள் சொன்ன கால முரண்பாடு எனக்கு வருஷாவருஷம் வரும் தலைவலி. ஏழாவதில் 'நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்' இந்தப் பருவத்தில்தான். அதில் படிகமாதல் வருகிறது. உப்பளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடல் நீரிலிருந்து உப்பு எடுப்பதை நடத்தலாம் என்றால், அக்டோபர் நவம்பரில் பாத்தி எல்லாம் மழைத் தண்ணீர். உப்பு வாருவது அதற்கு முன்பே முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டிப் போனால் கண் முன்னால் பார்க்கலாம்: கடல் நீரைக் காய வைத்துக்கொண்டே வந்தால் முதலில் சுண்ணாம்புச் சத்து கீழே தங்கும், நீர் இன்னும் கெட்டியாகி 25 டிகிரி தொட்டால் உப்பு பூக்கும், அதற்கு மேல் 29, 30 என்று ஏறுவதற்குள் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். இந்த டிகிரி சூடு அல்ல, நீரின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழாய் காட்டுவது. உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை இதை எனக்கே சொல்லிக்கொடுக்கும்.

அதனால் நான் செய்வது: ஆகஸ்டிலேயே ஒரு பிள்ளையிடம் சொல்லி, பாத்தியில் உப்பு பூக்கிற நிலையில் உள்ள நீரை ஒரு கேனில் வாங்கி மூடி வைத்துவிடுவேன். பாடம் வரும்போது ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றிச் சத்துணவு அடுப்பின் ஓரச் சூட்டில் வைத்தால் மதியத்துக்குள் கட்டம் கட்டமாக உப்பு. ஜன்னலில் வைத்தால் நவம்பரில் காயவே காயாது.

ஆனால் அதே பாடத்தில் துருப்பிடித்தலுக்கு இந்தப் பருவத்தைவிட நல்ல காலம் கிடையாது. புத்தகத்தில் சொல்வது மூன்று குழாய்ச் சோதனை. ஒன்றில் ஆணியும் தண்ணீரும். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய், காற்று உள்ளே போகாது. மூன்றாவதில் தண்ணீரே கிடையாது, வெறும் காய்ந்த காற்று. முதலாவது மட்டும்தான் துருப்பிடிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் மூன்றாவதிலும் பிடித்துவிடுகிறது! இந்த ஊர்க் காற்றில் 'காய்ந்த காற்று' எங்கே இருக்கிறது? செருப்புப் பெட்டிக்குள் வரும் சின்ன வெள்ளைப் பொட்டலம் இருக்கிறதல்லவா, அதில் இரண்டைப் போட்டு மூடியை மெழுகால் அடைத்த பிறகுதான் ஆணி பளபளப்பாக நின்றது. நான்காவதாகக் கடல் தண்ணீரில் ஒன்று போட்டோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பாட்டிலின் அடியில் செம்மண் மாதிரி படிந்திருக்கிறது.

அப்போது ஒரு பையன் கேட்டான், "எங்க வள்ளத்துல இருக்கிற போல்ட்டு மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு சீக்கிரம் போகலை?" துத்தநாகப் பூச்சு பற்றி அன்றைக்கு அரை மணி நேரம் ஓடிற்று. புத்தகத்தில் அது ஒரு வரி.

பாம்பன்_வள்ளம்

டீச்சர் சொல்வதைப் படிக்க நன்றாக இருக்கிறது. என் மகள் ஆறாவது. அவளுக்கு இந்த மாதம் கணக்கில் இலாப நட்டம். அடக்க விலை, விற்ற விலை, தள்ளுபடி என்று போகிறது. ஒரு கடைக்காரர் இத்தனை ரூபாய்க்குப் பேனா வாங்கி இத்தனைக்கு விற்றார் என்கிற மாதிரிக் கணக்குகள்.

இவள் என்னிடம் வந்து, "மீனுக்கு அடக்க விலை என்னப்பா? கடல்ல யாரும் காசு வாங்கலையே" என்றாள். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அவளுடைய டீச்சரிடம் கேட்டு வந்தாள்: வாங்கிய விலையோடு இதரச் செலவும் சேர்ந்ததுதான் அடக்க விலை. மீனை யாரிடமும் வாங்கவில்லை என்றாலும் செலவு செலவுதான். சரி, உட்கார் என்று ஒரு நாள் தொழிலைக் கணக்காக எழுதினோம்.

டீசல் 3,000. ஐஸ் 400. சாப்பாட்டுச் சாமான் 300. ஆக அடக்கம் 3,700. ஏலத்தில் மீன் 5,200க்குப் போனது. இலாபம் 1,500 என்று சந்தோஷமாக எழுதிவிட்டாள். அப்புறம் வியாபாரிக்குக் கழிவு நூற்றுக்கு ஐந்து என்று சொன்னேன். 5,200க்கு 260. மிச்சம் 1,240. இதில் படகுக்கும் வலைக்கும் பாதி, 620. மீதி 620ஐ நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 155.

பென்சிலை வைத்துவிட்டு, "155ஆ?" என்றாள். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்ததற்கு என்று அவள் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. எல்லா நாளும் இப்படி இல்லை, நல்ல பாடு, அதாவது நிறைய மீன், கிடைக்கிற நாளும் உண்டு, பங்கு முறையும் கரைக்குக் கரை மாறும். வலை கிழிந்தால் அது எந்தக் கணக்கில் என்றும் கேட்டாள். அதற்கும் எனக்குப் பதில் இல்லை, படகுப் பங்கில் அடங்கும் என்று சமாளித்தேன்.

பேனாக் கணக்கு தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கை அவள் மறக்க மாட்டாள்.

கீழக்கரை_காக்கா

நான் துபாயில் இருக்கிறேன். மகன் ஊரில் ஏழாவது. வீடியோ கால் போட்டால் நான் கேட்பது ஒன்றுதான், என்ன படிச்சே? அவன் சொல்வதும் ஒன்றுதான், "ஒண்ணுமில்ல வாப்பா." இந்த வாரம் மட்டும் அவனே ஆரம்பித்தான். சமூக அறிவியலில் விஜயநகரம், முகலாயர் முடிந்து மராத்தியர் வந்திருக்கிறார்களாம், சுற்றுலா என்று ஒரு பாடமாம். நம்ம ஊர் கலங்கரை விளக்கத்தில் ஏறியிருக்கீங்களா என்று கேட்டான். நாற்பது வயதாகிறது, வெளியே நின்று பார்த்ததோடு சரி.

வள்ளத்துக்கார அண்ணே, உங்கள் கணக்கை என் மகனுக்கு அனுப்பினேன். வளைகுடாச் சம்பளத்துக்கும் இப்படி ஒன்று போடலாம். விசா, டிக்கெட், ரூம் வாடகை எல்லாம் போட்டுப் பார்த்தால் அடக்க விலை என்னவென்று புரியும்.

தொண்டி_தமிழய்யா

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பேத்தி ஏழாவது படிப்பதால் புத்தகத்தோடு தொடர்பு விட்டுப்போகவில்லை.

ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத் தமிழின் முதல் இயலைப் பொறுத்தவரை நம் கடற்கரைப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன். பெரும்பாணாற்றுப்படையிலிருந்து கலங்கரை விளக்கம், அகநானூற்றிலிருந்து கப்பல், அதன் பின் தமிழரின் கப்பற்கலை என்ற உரைநடை. உரைநடையில் கப்பலின் உறுப்புகள் வருகின்றன. அடிமரம் எரா, குறுக்கு மரம் பருமல், பாய்மரம், சுக்கான், நங்கூரம். திசை காட்டும் கருவிக்குச் சமுக்கு. மதுரையிலோ சேலத்திலோ உள்ள பிள்ளைக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல். நம் பிள்ளைக்கு அப்படி இல்லை, ஆனால் பல வகுப்பறைகளில் அப்படித்தான் நடத்தப்படுகிறது என்பதுதான் என் வருத்தம். கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, முடிந்தது.

பேத்தியைப் படகு கட்டும் இடத்துக்கு அழைத்துப் போனேன். மணலில் நீளமாக ஒரு கட்டையைக் கிடத்தி, அதன் மேல் விலா எலும்புபோல வளைந்த மரங்களை நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரி ஒரு நூலைப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது ஒரு விரக்கடை கோணினால் படகு ஆயுசுக்கும் ஒரு பக்கமா இழுக்கும்" என்றார். பலகைக்குப் பலகை இடையில் பஞ்சை அடைத்து உளியால் தட்டித் தட்டி இறக்குவதை அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து பாடத்தைத் திறந்தபோது, பலகைகளுக்கு இடையே தண்ணீர் புகாதபடி அடைப்பார்கள் என்ற இடத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஃபைபர் படகுதான் அதிகம், மரப்படகு மேஸ்திரிகள் குறைந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.

ஆறாவதிலும் இந்தப் பருவத்தில் நெய்தல் நிலத்து நாட்டுப்புறப் பாடல் ஒன்று உண்டு, கடலோடு விளையாடு. அதை வாசிக்கக் கூடாது, பாட வேண்டும். பிள்ளைகளின் பாட்டிமாருக்கு வேறு வேறு அம்பாப் பாட்டு தெரிந்திருக்கும். வலை இழுக்கும்போது பாடியது. கேட்டு எழுதி வரச் சொல்லலாம்.

சாயல்குடி_தம்பி

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்காதீர்கள்.

நான் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாவதுக்கு வருகிற சில பிள்ளைகளுக்கு ஒரு பத்தியைத் தடுக்காமல் வாசிக்க வரவில்லை. வகுத்தல் வரவில்லை. அரசே ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' என்று தனி இயக்கம் நடத்துகிறது, தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையைத் திரும்பக் கட்ட. அப்படி இருக்கையில் படகு கட்டும் இடத்துக்குப் போவதா, வாசிக்க வைப்பதா? ஆசிரியருக்கு நாளில் இருப்பது எட்டு பீரியட்.

அதுவும் இரண்டாம் பருவம். தீபாவளி, மழை விடுமுறை, புயல் விடுமுறை எல்லாம் இதில்தான். கலெக்டர் விடுமுறை என்று காலையில் செய்தி வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நகராது.

எட்டாவது வைத்திருக்கிறவர்கள் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வை மறக்க வேண்டாம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், வருஷத்துக்கு 12,000. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. ஏழு, எட்டுப் பாடம் இரண்டும் வரும். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம்.

பாம்பன்_வள்ளம்

தம்பி சொல்வது நியாயம்தான். ஆனால் என் மகள் அந்தக் கணக்குக்காக நூற்றுக்கு ஐந்து எடுக்கவும், இரண்டால், நான்கால் வகுக்கவும் தானே செய்தாள்? அதுவும் அடிப்படைதானே?

சாயல்குடி_தம்பி

அண்ணே, அதை மறுக்கவில்லை. உங்களைப் போல உட்கார்ந்து போடுகிற அப்பா எத்தனை வீட்டில் இருக்கிறார்? என்னிடம் வருகிற பாதிப் பிள்ளைகளின் அப்பா கடலில், இல்லாவிட்டால் வெளிநாட்டில். அம்மா கடல்பாசி எடுக்கப் போயிருப்பார். அதனால்தான் வகுப்பிலேயே நடக்க வேண்டும் என்கிறேன்.

மண்டபம்_அம்மா

தம்பி, பாசி எடுக்கிற அம்மாதான் நானும். மாஸ்க் மாட்டிக்கொண்டு இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் பாறையில் கை வைத்து எடுக்கிறோம். ஏழாவதில் இந்தப் பருவம் வகைப்பாட்டியல் இருக்கிறதே, அதற்கு மகள் என்னிடம் கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்ற இரண்டு பாசியும் கொண்டு வரச் சொன்னாள். கொண்டு வந்து கொடுத்தேன். வகுப்பில் இவை செடியா, வேறா என்று ஒரு பீரியட் முழுக்கச் சண்டையாம். வேர், தண்டு, இலை தனித்தனியாக இல்லையே, அப்புறம் எப்படிச் செடி என்று ஒரு கட்சி. வெயிலில்தானே வளருது என்று இன்னொரு கட்சி. மகள் வீட்டுக்கு வந்து எனக்கு நடத்தினாள். எனக்குப் பல வருஷமாகக் கையில் தெரிந்த சாமான், அதற்கு உலகத்தில் எந்த இடம் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

வீட்டில் ஆள் இல்லை என்பது உண்மை. வீட்டில் சரக்கு இல்லை என்பது உண்மை இல்லை.

சரி, என் பழைய கேள்விக்கு வருகிறேன். புயல் பாடத்துக்கு என்ன செய்வது?

வாலிநோக்கம்_டீச்சர்

அதற்குத்தான் வருகிறேன் அக்கா.

மூன்றாம் பருவப் புத்தகம் அரையாண்டு விடுமுறைக்குப் பிறகுதான் கையில் கிடைக்கும். ஆனால் போன வருஷம் ஆறாவது படித்த பிள்ளையிடம் இருக்கும். நான் அப்படி நாலைந்தை வாங்கி வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறேன். பேரிடர் பாடம் நடத்துவது சமூக அறிவியல் ஆசிரியர் வேலை, அவரிடம் சொல்லிவிட்டு, காற்று பாடத்தோடு சேர்த்து இரண்டு பீரியட் எடுத்துக்கொள்கிறேன். தேர்வுக்கு இல்லை, அதனால் பிள்ளைகள் இன்னும் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்பது வேறு கதை.

முதல் பீரியட் முழுக்கக் கூண்டுதான். 1, 2 என்றால் புயல் சின்னம் வெகு தொலைவில், துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். 8, 9, 10 பெரிய அபாயம். 11 வந்தால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு எண் ஏறிக்கொண்டே போவது புயலின் வேகத்துக்கு மதிப்பெண் போடுவது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். 5க்கும் 6க்கும் வித்தியாசம் வேகத்தில் இல்லை, கடக்கும் பக்கத்தில்.

இரண்டாவது பீரியடில் கரும்பலகையில் இராமேஸ்வரம் தீவை வரைந்துவிட்டு, வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, அடிக்கும்போது எந்தக் கடல் கொந்தளிக்கும் என்று கேட்பேன். வடகடல் என்று எல்லாரும் சொல்வார்கள். தென்கடல்? நிலம் மறைப்பதால் அடங்கி இருக்கும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காலத்தில் தலைகீழ். படகை எந்தக் கரைக்கு மாற்றுவது என்பது அவர்கள் வீட்டில் தினம் பேசுவது. அதிலிருந்து காற்று ஏன் திசை மாறுகிறது, நிலமும் கடலும் ஒரே வேகத்தில் சூடாகுமா என்று வெப்பத்துக்குப் போய்விடலாம். ஆறாவதில் வெப்பம் முதல் பாடம், காற்று நான்காவது. இரண்டையும் இணைக்கும் வேலையை வாடை செய்துவிடுகிறது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்ததைப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்வேன். ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருக்கிறேன்: பயமுறுத்தும் கதை வேண்டாம், அன்றைக்கு வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும். அரிசியை எங்கே வைத்தார்கள், ஆடுகளை அவிழ்த்து விட்டார்களா, எந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். பாடத்தில் முன்னெச்சரிக்கை என்ற தலைப்பில் வருவதெல்லாம் இதற்குள் வந்துவிடும்.

தம்பிக்கு ஒன்று: வாசிக்க வராத பிள்ளை இந்த இரண்டு பீரியடிலும் கை தூக்கும். கை தூக்கியதை நானே பலகையில் எழுதி, அவனையே வாசிக்கச் சொல்வேன். அவன் சொன்ன வாக்கியம்தானே, தடுக்காமல் வரும். திறன் பயிற்சிப் புத்தகத்தை நான் ஒதுக்கவில்லை, அதற்கான நேரத்தில் அது நடக்கிறது.

சாயல்குடி_தம்பி

சொன்னதையே எழுதி வாசிக்க வைப்பது நல்ல வழி டீச்சர். நாளை முயற்சி செய்து பார்க்கிறேன். இரண்டு பீரியட் கிடைப்பது உங்கள் தலைமையாசிரியர் நல்லவர் என்பதால். எல்லா இடத்திலும் நடக்காது.

வாலிநோக்கம்_டீச்சர்

நடக்காதுதான். பாடத்திட்ட அட்டவணையில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

தொண்டி_தமிழய்யா

பருவ முறையில் பாடத்தைக் கடற்கரை மாவட்டங்கள் தங்களுக்குள் முன்பின் மாற்றிக்கொள்ள விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பேரிடரை இரண்டுக்கும், வேறொன்றை மூன்றுக்கும். ஆனால் வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றாக வருவதால் யாரும் துணிய மாட்டார்கள்.

இன்னொன்று, முதல் பருவத்தில் ஆறாவதுக்குத் தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்று பூம்புகார், மதுரை, காஞ்சி நடத்துகிறார்கள். வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம் இருக்கிறது, ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடும் கிடைத்த ஊர். உச்சிப்புளிப் பக்கத்துப் பள்ளிகளாவது ஒரு நாள் போய் வரலாம்.

கீழக்கரை_காக்கா

டீச்சர், அந்த மூன்றாம் பருவப் புத்தகம் இணையத்தில் கிடைக்குமா? மகன் ஏழாவது, ஆனால் அவன் தங்கச்சி அடுத்த வருஷம் ஆறாவது.

வாலிநோக்கம்_டீச்சர்

பாடநூல் கழகத் தளத்தில் எல்லா வகுப்பும் பிடிஎஃப் ஆக இலவசமாக இருக்கிறது. தமிழ் வழி, ஆங்கில வழி பார்த்து இறக்குங்கள். சமூக அறிவியலில் புவியியல் பகுதி.

மண்டபம்_அம்மா

நானும் இறக்கிவிட்டேன். போனில் எழுத்து சிறிதாகத் தெரிகிறது, கடையில் அந்தப் பாடத்தை மட்டும் பிரிண்ட் போட்டுக்கொண்டேன். சின்னவன் கூண்டு எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறான். 11க்கு மட்டும் பக்கத்தில் "போன் வேலை செய்யாது" என்று எழுதியிருக்கிறான். அது சரிதானே டீச்சர்?

வாலிநோக்கம்_டீச்சர்

கிட்டத்தட்ட சரி. துறைமுகத்துக்கும் வானிலை மையத்துக்கும் இடையே தொடர்பு போய்விட்டது என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். அந்த அட்டையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள் அக்கா, என் வகுப்பிலும் ஒட்டிக்கொள்கிறேன்.